பேக்கப் கடிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்?

ஒரு சர்வர். அதில் நாலைந்து விஎம் (ஒரே பெட்டிக்குள் தனித்தனிக் கணினி போல ஓடும் மெய்நிகர் மெஷின்கள்). ஒரு விஎம்முக்குள் டாக்கர், அதற்குள் பத்துப் பன்னிரண்டு கன்டெய்னர், அதாவது தனித்தனி உறைகளில் ஓடும் ஆப்கள். தினமும் ராத்திரி தானாகப் பேக்கப் எடுக்க வேண்டும், அதை நேரம் பார்த்துத் தொடங்கிவைக்க ஒரு கடிகாரம் வேண்டும். இதுவரை எல்லோரும் ஒரே வழியில் வந்துவிடுகிறார்கள். தடுமாற்றம் அதற்கு அப்புறம்தான். விஎம்முக்குள்ளேயே க்ரான், அதாவது லினக்ஸின் நேர அட்டவணைக் கருவி, போடலாமா? விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசரில் இருக்கும் அட்டவணை போதுமா? தனியாக ஒரு பேக்கப் சர்வர் வைக்க வேண்டுமா? கிளவுடில் இருந்தால் அவர்கள் தரும் ஸ்னாப்ஷாட்டை (டிஸ்கின் ஒரு நொடிப் படம்) நம்பலாமா? பல மெஷின்களில் கன்டெய்னர்களை மேய்க்கும் குபர்னெட்டிஸ் வந்துவிட்டால் கதையே வேறா?

கேட்பவர்கள் பெரும்பாலும் எது வேகம், எது இலவசம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நேரத்துக்கு ஓடும் நாளில் இவை எல்லாமே ஒழுங்காகத்தான் ஓடும். ஓடாமல் போன ராத்திரியில் ஒவ்வொன்றும் என்ன செய்கிறது, அது காலையில் உங்களுக்குத் தெரியவருகிறதா என்பதில்தான் பெரிய வித்தியாசமே. என் தேர்வுகள் எல்லாம் அதை வைத்துத்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

திரும்ப எடுக்கப் போவது எது? முழு விஎம்மா, ஒரே ஒரு கோப்பா, டேட்டாபேஸில் நேற்று யாரோ அழித்த ஒரு டேபிளா? பேக்கப் எடுக்கும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. 200 ஜிபி விஎம் இமேஜுக்குள் இருக்கும் ஒரு டேபிளை எடுக்க, முழு இமேஜையும் இன்னொரு இடத்தில் எழுப்பி, உள்ளே போய், டம்ப் (டேட்டாபேஸின் உள்ளடக்கத்தைக் கோப்பாக எழுதியது) எடுத்து, பழைய இடத்தில் கொண்டுவந்து போட வேண்டும். அதே நேரம், வெறும் டேட்டாபேஸ் டம்ப் மட்டும் கையில் இருந்தால் சர்வர் எரிந்துபோன அன்று ஓஎஸ்ஸிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும்.

எடுத்தது ஒத்திசைவாக இருக்கிறதா? ஸ்னாப்ஷாட் என்பது அந்த நொடியில் மின்சாரம் போனால் டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படி ஒரு படம். போஸ்ட்கிரஸ், மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி போன்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் மின்வெட்டிலிருந்து எழுந்திருக்கத் தெரிந்தவை, அதனால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை டார், ஆர்சிங்க் போன்ற கோப்பு நகல் கருவிகளால் எடுத்தால் அது ஒரு நொடியின் படம்கூட இல்லை. முதல் கோப்பு 2:00 மணிக்கு உரியது, கடைசிக் கோப்பு 2:07க்கு உரியது. இரண்டும் ஒன்றோடொன்று பேசாது.

தவறினால் என்ன ஆகும்? குறித்த நேரத்தில் மெஷின் அணைந்திருந்தால்? நேற்றைய வேலை இன்னும் முடியாமல் இருக்கும்போதே இன்றைய நேரம் வந்துவிட்டால்? பாதியில் தோற்றால் யாருக்குச் செய்தி போகிறது?

யாரால் அழிக்க முடியும்? சர்வருக்குள் நுழைந்தவன் அதே சாவியை வைத்துப் பேக்கப்பையும் அழிக்க முடிந்தால், ரான்சம்வேர் வந்த அன்று இரண்டும் சேர்ந்தே போகும்.

சுமை, இடம், பணம் ஆகியவையும் உண்டு. அவை ஒவ்வொரு வழியிலும் ஒளிந்திருக்கும் இடம் வேறு வேறு என்பதால் அங்கங்கே சொல்கிறேன்.

## வழி 1: உள்ளேயே க்ரான் அல்லது சிஸ்டம்டி டைமர்

எல்லோரும் தொடங்கும் இடம் இது. ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், உள்ளே போஸ்ட்கிரஸின் டம்ப் கருவியான பிஜி_டம்ப், பேக்கப் கருவிகளான ரெஸ்டிக் அல்லது போர்க், மேலே `0 2 * * *` (தினமும் ராத்திரி 2 மணி) என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது போலத் தோன்றும்.

இதன் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டேட்டாபேஸை அதன் மொழியிலேயே கேட்டு எடுப்பது இந்த வழிதான். பிஜி_டம்ப் எடுக்கும் நகல் ஒரே கணத்துக்கு உரியது. ஒரு டேபிளை மட்டும் திரும்ப எடுப்பது சுலபம். ரெஸ்டிக், போர்க் இரண்டும் ஏற்கெனவே அனுப்பிய துண்டுகளை மறுபடி அனுப்பாது, அதனால் தினசரி நகலுக்கு இடமும் குறைவு. பணச் செலவு கிட்டத்தட்ட இல்லை.

இனி க்ரானின் குணம். அது நேரத்துக்கு ஒரு கட்டளையைத் தட்டிவிட்டுப் போய்விடும். 2 மணிக்கு மெஷின் அணைந்திருந்தால் அந்த நாள் போனது போனதுதான், விடிந்ததும் ஈடுசெய்யாது. நேற்றைய வேலை ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் இன்றையதையும் தொடங்கும். இரண்டும் மோதாமல் எஃப்லாக் என்ற கட்டளையால் பூட்டுவது உங்கள் பொறுப்பு. உங்கள் டெர்மினலில் இருக்கும் பாத் (கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியல்) அதற்குத் தெரியாது, அதனால் கையால் ஓட்டும்போது ஓடிய ஸ்கிரிப்ட் க்ரானில் "கட்டளை கிடைக்கவில்லை" என்று நிற்கும். க்ரானின் அட்டவணைக் கோப்பான க்ரான்டேப்பின் வரியில் சதவீதக் குறி வந்தால் அதைப் புது வரி என்று எடுத்துக்கொள்ளும். கோப்புப் பெயரில் தேதி சேர்க்கலாம் என்று `+%` எழுதியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது இதில் விழுந்திருப்பார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ஓடட்டும் என்று `0 2 1-7 * 0` எழுதினால் அது முதல் ஏழு நாளும் ஓடும், எல்லா ஞாயிறும் ஓடும். தேதி, கிழமை இரண்டையும் குறித்தால் க்ரான் அதை 'அல்லது' என்றுதான் படிக்கும்.

டாக்கர் என்றால் இன்னொன்று. கன்டெய்னருக்குள் டம்ப் எடுக்கும் கட்டளையை கையால் அடிக்கும்போது எல்லோரும் `-` போட்டு ஐ, டி இரண்டு எழுத்தையும் சேர்த்தே அடிப்போம், விரல் அப்படிப் பழகிவிட்டது. அதையே ஸ்கிரிப்டில் ஒட்டினால் க்ரானுக்கு டெர்மினல் கிடையாது என்பதால் டாக்கர் மறுத்துவிடும். டி எழுத்தை எடுத்துவிட வேண்டும்.

என் கதை ஒன்று. டம்பின் வெளியீட்டை, சுருக்கும் கருவியான ஜீஜிப்புக்குள் நேராக அனுப்பி (பைப் செய்து) ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். தினமும் கோப்பு வந்தது, தேதி சரியாக இருந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. சில வாரம் கழித்துத் தற்செயலாக அளவைப் பார்த்தேன். ஒவ்வொரு கோப்பும் 20 பைட். பாஸ்வேர்டை மாற்றிய நாளிலிருந்து டம்ப் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. ஜீஜிப் மட்டும் ஒன்றுமில்லாததை அழகாகச் சுருக்கி, வெற்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. பைப்பில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் ஷெல் பார்க்கும். பைப்ஃபெயில் என்று ஒரு வரி ஸ்கிரிப்டின் தலையில் இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இது என்னைப் போன்றவர்களுக்கு மட்டும் நடப்பது இல்லை. 2017 ஜனவரி 31 அன்று நிரல் கிடங்குச் சேவையான கிட்லேப் தன் முதன்மை டேட்டாபேஸின் தரவைத் தவறுதலாக அழித்துவிட்டது. தினசரி பிஜி_டம்ப் இருக்கிறதே என்று போய்ப் பார்த்தால் ஒன்றும் இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுத்தது 9.2 பதிப்பின் கருவி. தினமும் தோற்றிருக்கிறது. தோல்வி மெயில்களும் போயிருக்கின்றன, ஆனால் மெயிலுக்கு உரிய கையொப்பம் இல்லாததால் பெறும் பக்கம் அவற்றை நிராகரித்துவிட்டது. ஒரு பொறியாளர் வேறு வேலைக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த எல்விஎம் (லினக்ஸின் டிஸ்க் மேலாண்மை) ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது. இத்தனையையும் அவர்களே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

க்ரானுக்குப் பதில், லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டியின் டைமர் போட்டால் பாதித் தலைவலி தீரும். பெர்சிஸ்டன்ட் என்ற அமைப்பை இயக்கினால் தவறவிட்ட வேலையை மெஷின் எழுந்ததும் ஓட்டும். ஒரு யூனிட் (சிஸ்டம்டியில் ஒரு வேலை) ஓடிக்கொண்டிருக்கும்போது அதையே இரண்டாவது முறை தொடங்காது. நேரத்தைச் சற்றுச் சிதறடிக்கவும் வழி உண்டு, இருபது விஎம்களும் ஒரே நொடியில் ஸ்டோரேஜைப் பிடித்து இழுக்காது. வெளியீடு எல்லாம் ஜர்னல் என்ற லாகில் கிடக்கும். புதிதாகப் போடுபவர்களுக்கு க்ரான் வேண்டாம், டைமரே போடுங்கள் என்பேன்.

மறைமுகச் செலவு உங்கள் நேரம். ஒரு மெஷினுக்கு ஒரு ஸ்கிரிப்ட் என்று ஆரம்பித்து, ஒவ்வொன்றும் சற்று வேறுபட்டு, ஒன்றரை வருடம் கழித்து எது எங்கே ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. பேக்கப் கிடங்கின் சாவியும் அதே மெஷினில் இருக்கிறது. சேர்க்க மட்டும் அனுமதித்து அழிக்க விடாத முறையில் கிடங்கை அமைக்காவிட்டால், நுழைந்தவன் அழித்துவிட்டுப் போவான். ரெஸ்டிக் கிடங்கு எப்போதும் என்கிரிப்ட் செய்யப்பட்டதே. பாஸ்வேர்ட் அந்த மெஷினில் மட்டும் இருந்து மெஷின் போனால் பேக்கப்பும் போன மாதிரிதான்.

## வழி 2: ஹைப்பர்வைசரின் சொந்த அட்டவணை

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரை எடுத்துக்கொள்வோம், வீட்டு லேபிலிருந்து சிறிய நிறுவனம் வரை அதிகம் காண்பது அதுதான். 'டேட்டாசென்டர்' என்ற அமைப்புப் பக்கத்தில் ஒரு பேக்கப் வேலையை உருவாக்கி, எந்த விஎம், எந்த நேரம், எங்கே வைப்பது, எத்தனை வைத்துக்கொள்வது என்று குறித்தால் முடிந்தது. 'எல்லாம்' என்று தேர்ந்தெடுத்தால் நாளைக்கு உருவாக்கும் விஎம்மும் தானாகச் சேர்ந்துவிடும். ஸ்கிரிப்ட் வழியில் கிடைக்காத வசதி இது. புது மெஷினுக்கு பேக்கப் போட மறப்பது போல் எளிதான தவறு வேறில்லை.

7.1 பதிப்பிலிருந்து இந்த வேலைகளை க்ரான் ஓட்டுவதில்லை, ப்ராக்ஸ்மாக்ஸின் சொந்த ஷெட்யூலர் ஓட்டுகிறது. தவறிய வேலையைத் திரும்ப ஓட்டும் தேர்வும் உண்டு, ஆனால் அதை நீங்கள்தான் டிக் செய்ய வேண்டும்.

ஸ்னாப்ஷாட், சஸ்பெண்ட், ஸ்டாப் என்று மூன்று முறைகள். விஎம்முக்கு ஸ்னாப்ஷாட் முறையில் நிறுத்தமே இல்லை. உள்ளே கெஸ்ட் ஏஜென்ட் (ஹைப்பர்வைசரோடு பேசும் சிறு மென்பொருள்) இருந்தால் எடுக்கும் முன் ஃபைல்சிஸ்டத்தை ஒரு கணம் உறைய வைத்துவிட்டு விடும். அது இல்லாவிட்டால் மின்வெட்டுப் படம்தான். ப்ராக்ஸ்மாக்ஸே நேரடியாக ஓட்டும் எல்எக்ஸ்சி கன்டெய்னருக்கும் (டாக்கர் வேறு) ஸ்னாப்ஷாட் முறை உண்டு, ஆனால் அடியில் இருக்கும் ஸ்டோரேஜுக்கு ஸ்னாப்ஷாட் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு சஸ்பெண்ட் முறைக்கு மாறிவிடும், உங்கள் கன்டெய்னர் ராத்திரியில் சில நேரம் உறைந்து நிற்கும். ஸ்டாப் முறையிலும் ஒரு வேறுபாடு. விஎம் அணைந்து, பேக்கப் தொடங்கியதும் உடனே எழுந்துவிடும். கன்டெய்னரோ பேக்கப் முடியும் வரை படுத்தே இருக்கும்.

அடுத்ததை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எல்எக்ஸ்சி கன்டெய்னரில் ரூட் டிஸ்க் தவிர நீங்கள் சேர்த்த மவுன்ட் பாயின்ட்கள் (கூடுதல் டிஸ்குகள்) இயல்பாகப் பேக்கப்பில் சேராது. ஒவ்வொன்றிலும் பேக்கப் என்ற டிக்கைப் போட வேண்டும். ஹோஸ்டின் ஃபோல்டரை அப்படியே உள்ளே காட்டும்படி பைண்ட் மவுன்ட் செய்திருந்தால் டிக் போட்டாலும் சேராது. விஎம்மில் நேர் எதிர், எல்லா டிஸ்கும் இயல்பாகச் சேரும், வேண்டாததை விலக்க வேண்டும். விஎம்மிலிருந்து கன்டெய்னருக்கு மாறியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். வேலை பச்சையாக முடிந்திருக்கும், கோப்புச் சேமிப்பு ஆப்பான நெக்ஸ்ட்கிளவுட் திரும்ப வந்துவிடும், உள்ளே ஒரு கோப்பும் இருக்காது.

செலவு இரண்டு இடத்தில். முதலாவது இடம். சாதாரண டைரக்டரி அல்லது நெட்வொர்க் வழி ஃபோல்டரான என்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ராத்திரியும் முழு நகல்தான். 7 தினசரி, 4 வாராந்திர, 6 மாதாந்திர என்று வைத்தால் 17 நகல். 100 ஜிபி விஎம் ஒன்றுக்கு, சுருக்காமல் கணக்கிட்டால் 1.7 டெராபைட். இரண்டாவது, மெதுவான கிடங்கின் பாரம். விஎம் ஓடும்போதே நகல் எடுப்பதால், இன்னும் நகலாகாத பகுதியில் விஎம் எழுத வந்தால், பழையதைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டுத்தான் எழுத விடும். கிடங்கு பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ராத்திரி விஎம்மும் தவழும். 8.2 பதிப்பில் வந்த ஃப்ளீசிங் இதற்குத்தான், பழைய பகுதியை உள்ளூர் வேக டிஸ்கில் தற்காலிகமாக ஒதுக்கி வைத்துவிட்டு விஎம்மைப் போக விடுகிறது.

ப்ராக்ஸ்மாக்ஸ் இல்லாமல், விஎம்களை மேலாளும் லிப்விர்ட் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓடும் விஎம்மைப் பேக்கப் எடுக்கும் திறன் அதில் உண்டு, கடிகாரம் கிடையாது. திரும்பவும் வழி 1க்கே வந்து டைமர் போட வேண்டியதுதான்.

## வழி 3: தனி பேக்கப் சர்வர்

கடிகாரம் ப்ராக்ஸ்மாக்ஸிலேயே இருக்க, கிடங்கை மட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு மாற்றுவது. முதல் நிலையான பதிப்பு 2020 நவம்பரில் வந்தது. விஎம் இமேஜை 4 மெபிபைட் துண்டுகளாக வெட்டி, ஒரே மாதிரித் துண்டை ஒரு முறைதான் வைக்கிறது. மேலே சொன்ன 17 நகலும் உண்மையில் மாறிய பகுதிகளின் அளவுக்குச் சுருங்கிவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் விஎம்மில் எந்தப் பகுதி மாறியது என்று, அடியில் விஎம்மை ஓட்டும் க்யூஎமு குறித்து வைப்பதால் இரண்டாவது நாளிலிருந்து பேக்கப் நிமிடக் கணக்கில் முடியும். விஎம்மை அணைத்து எழுப்பினால் அந்தக் குறிப்பு போய்விடும், அடுத்த முறை முழு டிஸ்கையும் படிக்கும். அனுப்புவது என்னவோ மாறியதை மட்டும்தான். கன்டெய்னருக்கு இந்தக் குறிப்பேடு கிடையாது.

எனக்கு இதில் பிடித்தது வேகம்கூட இல்லை, அனுமதிப் பிரிவு. பேக்கப் எழுதவும் தன்னுடையதைத் திரும்ப எடுக்கவும் மட்டும் உரிமை உள்ள கணக்கை ஹைப்பர்வைசருக்குக் கொடுத்துவிட்டு, பழையதைக் கழிக்கும் வேலையை பேக்கப் சர்வரே தன் அட்டவணையில் செய்யும்படி விடலாம். ஹைப்பர்வைசர் கைமாறினாலும் பேக்கப்பை அழிக்க முடியாது. அடுத்தது சரிபார்ப்பு வேலை. வைத்த துண்டுகளைத் திரும்பப் படித்து, கெட்டிருந்தால் சொல்லும். வேறு இடத்தில் இருக்கும் இன்னொரு பேக்கப் சர்வர் இங்கிருந்து இழுத்து வைத்துக்கொள்ளவும் அட்டவணை போடலாம்.

ஆக ஒரு கடிகாரம் என்பது இங்கே ஐந்தாகிறது: எடுத்தல், கழித்தல், குப்பை அகற்றல், சரிபார்த்தல், வெளியே நகலெடுத்தல். இதுதான் இதன் மறைமுகச் செலவு. கழித்தால் இடம் குறையும் என்று நினைப்பார்கள், குறையாது. அது பட்டியலில் இருந்து பெயரை எடுப்பது மட்டும்தான். குப்பை அகற்றும் வேலை ஓடினால்தான் இடம் வரும், அதுவும் 24 மணி நேரத்துக்கு மேல் தொடப்படாத துண்டுகளைத்தான் அகற்றும். டிஸ்க் நிறைந்த பின் அவசரமாகக் கழித்தால் அன்றே இடம் கிடைக்காமல் விழிக்க நேரிடும். லட்சக்கணக்கான சிறு துண்டுகள் என்பதால் ஹார்ட் டிஸ்கில் சரிபார்ப்பும் குப்பை அகற்றலும் மணிக்கணக்கில் இழுக்கும், எஸ்எஸ்டி நல்லது. இந்த பேக்கப் சர்வரையே அதே ஹைப்பர்வைசருக்குள் ஒரு விஎம்மாக ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். பழக நல்லது. பெட்டி போனால் இரண்டும் போகும்.

## வழி 4: கிளவுட் ஸ்னாப்ஷாட் அட்டவணை

சில கிளிக்கில் முடிகிற வேலை. டேக் (அடையாளச் சீட்டு) போட்ட டிஸ்குகளை எல்லாம் குறித்த நேரத்தில் எடுத்து, மாறிய பகுதிக்கு மட்டும் காசு வாங்கும். மெஷின் அணைந்திருந்தாலும் ஓடும், கடிகாரம் மெஷினுக்கு வெளியே இருக்கிறதே.

'குறித்த நேரம்' என்பதைச் சற்றுத் தளர்வாக எடுத்துக்கொள்ள வேண்டும். அமேசானின் கிளவுடான ஏடபிள்யூஎஸ்ஸின் ஸ்னாப்ஷாட் கொள்கை, சொன்ன நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும். அதே நிறுவனத்தின் ஏடபிள்யூஎஸ் பேக்கப்பில் தொடங்குவதற்கான இயல்பான அவகாசமே 8 மணி நேரம். 1:30க்கு டம்ப், 2:00க்கு ஸ்னாப்ஷாட் என்று கோத்து வைத்தால் அந்தக் கோவை அறுந்துபோகலாம்.

டேக் போட மறந்த புது டிஸ்க் சத்தமில்லாமல் விடுபடும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்பிய டிஸ்க் உடனே கிடைத்த மாதிரி தெரியும், ஆனால் ஒவ்வொரு பகுதியும் முதல் முறை தொடும்போதுதான் பின்னாலிருந்து இறங்கி வரும். பெரிய டேட்டாபேஸ் எழுந்தும் எழாத மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே கணக்கில், ஒரே பிராந்தியத்தில் இருக்கிறது என்பது இன்னொரு கவலை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற கிளவுட் நிறுவனத் தரவு மையத்தின் ஒரு கட்டடம் எரிந்து அழிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். வேறு பிராந்தியத்துக்கும் வேறு கணக்குக்கும் நகல் போக வேண்டும், அந்தப் போக்குவரத்துக்கும் தனியாகக் காசு.

## வழி 5: குபர்னெட்டிஸ்

இங்கே இரண்டு கடிகாரங்கள். முதலாவது க்ரான்ஜாப், குபர்னெட்டிஸின் சொந்த க்ரான். க்ரானை விட ஒழுக்கமானது, ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஓட விடுவதுதான் அதன் இயல்பான அமைப்பு. பேக்கப்புக்கு அதை 'தடை' என்று மாற்ற வேண்டும். நேர மண்டலத்தையும் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அட்டவணையைக் கவனிக்கும் கன்ட்ரோலர் ஓடும் மெஷினின் நேரம்தான். தொடங்குவதற்கான காலக்கெடு எதுவும் எழுதாமல் விட்டு, 100க்கு மேல் நேரங்கள் தவறிவிட்டால் பிழைச் செய்தி எழுதும், பழைய பதிப்புகளில் அந்த வேலையைத் தொடங்கவே தொடங்காது. அடிக்கடி ஓடும் வேலைக்கு இது நிஜமாகவே நடக்கும்.

இரண்டாவது வெலேரோ என்ற பேக்கப் கருவி. நேம்ஸ்பேஸ், டிப்ளாய்மென்ட், சீக்ரெட் போன்ற கிளஸ்டர் அமைப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் வைக்கும். இயல்பான ஆயுள் 720 மணி நேரம், அதாவது 30 நாள். மூன்று மாதப் பேக்கப் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். ஸ்னாப்ஷாட் வசதி இல்லாத வால்யூம்களைக் கோப்புக் கோப்பாக எடுக்கச் சொல்லலாம். அதையும் பாடில் (கன்டெய்னர் ஓடும் அலகு) குறிப்பு எழுதியோ அமைப்பை மாற்றியோ நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாம்ல் (அமைப்புக் கோப்புகள்) எல்லாம் பத்திரமாக இருக்கும், தரவு இருக்காது. கோப்பு முறையில் ஓடும் டேட்டாபேஸை எடுத்தால் முன்பு சொன்ன 2:00, 2:07 பிரச்சினைதான், முன்னதாக டம்ப் எடுக்கும் ஹுக் (பேக்கப்புக்கு முன் ஓடும் கட்டளை) எழுத வேண்டும்.

ஒரே கோப்பில் எழுதிக் கன்டெய்னர்களை ஓட்டும் சாதாரண டாக்கர் கம்போஸ் வைத்திருப்பவர்களுக்கு இத்தனை தேவையில்லை. கன்டெய்னரையோ அதன் இமேஜையோ (ஆப்பின் மூல அச்சு) எடுக்க வேண்டாம். கம்போஸ் கோப்பு, என்வ் (அமைப்பு மதிப்புகள்) கோப்பு, வால்யூம்கள், டேட்டாபேஸ் டம்ப். இவ்வளவுதான். இமேஜ் டேகில் 'லேட்டஸ்ட்' என்று இருந்தால் பதிப்பு எண்ணாக மாற்றிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எழுப்பும்போது போஸ்ட்கிரஸின் அடுத்த பெரிய பதிப்பு இறங்கி வந்து, பழைய தரவு ஃபோல்டரைப் பார்த்து எழ மாட்டேன் என்று நிற்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | உள்ளே டைமர் | ஹைப்பர்வைசர் | பேக்கப் சர்வர் | கிளவுட் | வெலேரோ |
|---|---|---|---|---|---|
| ஒரு டேபிளைத் திரும்ப எடுக்க | எளிது | சுற்றுவழி | சுற்றுவழி | சுற்றுவழி | டம்ப் ஹுக் இருந்தால் எளிது |
| முழு மெஷினை எழுப்ப | நாள் முழுக்க வேலை | எளிது | எளிது | எளிது | கிளஸ்டர் தயாராக இருந்தால் எளிது |
| தவறிய வேலை | டைமர் ஈடுசெய்யும், க்ரான் செய்யாது | டிக் போட்டால் | டிக் போட்டால் | மெஷினைச் சார்ந்தது இல்லை | கிளஸ்டர் ஓடினால்தான் |
| புது மெஷின் தானாகச் சேருமா | சேராது | 'எல்லாம்' என்றால் சேரும் | 'எல்லாம்' என்றால் சேரும் | டேக் இருந்தால் | நேம்ஸ்பேஸைப் பொறுத்து |
| உள்ளே நுழைந்தவன் அழிக்க முடியுமா | பெரும்பாலும் முடியும் | விஎம்மிலிருந்து முடியாது | உரிமையைப் பிரித்தால் முடியாது | கணக்கு போனால் முடியும் | ஸ்டோரேஜ் சாவி போனால் முடியும் |
| ஒளிந்திருக்கும் செலவு | பராமரிப்பு நேரம் | இடம், மெதுவான கிடங்கு | இன்னொரு சர்வர், ஐந்து அட்டவணை | பிராந்திய நகல், மெதுவான எழுச்சி | குறிப்பு எழுத மறப்பது |

## சரி, உங்களுக்கு எது?

வாடகைக்கு எடுத்த ஒரே விஎம், அதில் நாலு கன்டெய்னர் என்றால் டைமரும் ரெஸ்டிக்கும் போதும், கிடங்கு மட்டும் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். சொந்தப் பெட்டியில் ப்ராக்ஸ்மாக்ஸ், விஎம் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவு என்றால் உள்ளமைந்த அட்டவணையே நல்லது. இடம் நெருக்க ஆரம்பித்ததும் தனி பேக்கப் சர்வர், தள்ளிப்போட வேண்டாம். முழுக்கக் கிளவுட் என்றால் அவர்கள் அட்டவணையோடு, வெளியே ஒரு நகல். குபர்னெட்டிஸில் தரவு கிளஸ்டருக்குள் இருந்தால்தான் வெலேரோ. தரவெல்லாம் வெளியே, சேவை நிறுவனமே பராமரிக்கும் டேட்டாபேஸில் இருந்து, யாம்ல் கிட் என்ற பதிப்புக் கிடங்கில் இருந்தால் அது இல்லாமலே பலர் நிம்மதியாக இருக்கிறார்கள்.

டேட்டாபேஸ் இருக்கும் எந்த மெஷினுக்கும் நான் இரண்டு கடிகாரம் வைப்பேன். 1:30க்கு உள்ளே டைமர் டம்ப் எடுத்து டிஸ்கில் வைக்கும். 2:30க்கு வெளியிலிருந்து இமேஜ் பேக்கப், அந்த டம்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும். டேபிள் போனால் டம்ப், பெட்டி போனால் இமேஜ். இடம் சற்று இரட்டிப்பாகும், பரவாயில்லை. நடுராத்திரி 12:00 மணியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், உலகத்தில் உள்ள எல்லா அட்டவணையும் அங்கேதான் குவிந்து கிடக்கிறது. சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எழுத வேண்டும். ராத்திரி 2 என்று நினைத்து எழுதியது உங்கள் பரபரப்பான காலை நேரத்தில் போய் விழலாம்.

தோல்வி மெயிலை நம்ப மாட்டேன். மெயில் வராதது நல்ல செய்தியா, மெயில் அனுப்பும் வழியே செத்துவிட்டதா என்று தெரியாது. ஸ்கிரிப்டின் கடைசி வரியில், எல்லாம் முடிந்து கோப்பின் அளவும் சரியாக இருந்தால் மட்டும் வெளியே ஒரு கண்காணிப்புச் சேவைக்குத் தட்டச் சொல்வேன். 26 மணி நேரம் தட்டு வராவிட்டால் அது என்னைக் கூப்பிடும். கடிகாரம் நின்றதைச் சொல்ல அந்தக் கடிகாரத்தையே நம்ப முடியாது அல்லவா.

மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு விஎம்மைப் புது எண்ணில் திரும்ப எழுப்பிப் பார்ப்பேன். இதில் ஒரு எச்சரிக்கை. எழுப்பிய உடனே தானாகத் தொடங்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். நெட்வொர்க் கார்டு அமைப்பில் இணைப்பைத் துண்டிக்கும் டிக்கைப் போட்ட பிறகே விஎம்மை ஓட விடுங்கள். அந்த நகலுக்குத் தான் நகல் என்று தெரியாது. ஐபி முகவரி பழையதுதான், உள்ளே இருக்கும் டைமர்களும் பழையவைதான். நெட்வொர்க்கோடு எழுந்தால் வாடிக்கையாளர்களுக்கு நேற்று போன பில் மெயில்களை இன்னொரு முறை அனுப்பும், 1:30 ஆனதும் டம்ப் எடுக்கும், அதே பெயரில் அதே ரெஸ்டிக் கிடங்கில் கொண்டுபோய்ப் போடும்.